வீட்டிலேயே நாய்க்கு நகம் வெட்டுவது: டர்பன் பக்கத்து வீடுகளில் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனிலும் அதைச் சுற்றி சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம், டொங்காட் பக்கமும் நாய் வளர்க்கும் நம்மவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டு பொம்மிக்கு ஒன்பது வயது. கலப்பு இனம், நடுத்தர உடம்பு, பதினெட்டு நகமும் கரிக்கட்டை போலக் கறுப்பு. எட்டு வருஷமாக அவளுக்கு நானேதான் வெட்டுகிறேன், அது தெரிந்ததிலிருந்து கோவிலில் பார்த்தாலும் கல்யாண வீட்டில் பார்த்தாலும் யாராவது ஒருவர் இதைப் பற்றிக் கேட்காமல் போவதில்லை. கேட்டவர்களுக்குச் சொன்னதையெல்லாம் ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கீழே வரும் எல்லாமே இதைச் சுற்றித்தான் வரும். ஒரே நாளில் எல்லா நகத்தையும் வெட்டி முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் யாருக்கும் கிடையாது. இன்றைக்கு ஒரு நகம், நாளைக்கு ஒரு நகம் என்று போனால் போதும்.

நாய்க்கு எதற்கு நகம் வெட்ட வேண்டும்? அந்தக் காலத்தில் யார் வெட்டினார்கள்?

எங்கள் ஆயா, அதாவது பாட்டி, கேட்ட கேள்வி இது. கரும்புத் தோட்டத்துப் பக்கம் ஓடித் திரிந்த நாய்க்கு யார் நகம் வெட்டினார்கள் என்று கேட்டார், நியாயமான கேள்விதான். கல்லிலும் கட்டாந்தரையிலும் நாள் முழுக்க ஓடுகிற நாய்க்கு நகம் தானாகவே தேய்ந்துவிடும். இப்போது நம் நாய்கள் அப்படியா இருக்கின்றன? ஆளுயர மதில், பூட்டிய கேட், முற்றத்தில் கிகுயு புல், உள்ளே வந்தால் வழவழ டைல்ஸ். புல்லிலும் டைல்ஸிலும் நகம் எங்கே தேயும்.

நாய் விரல்களை ஊன்றி நடக்கிற பிராணி, நம்மைப் போல முழுப் பாதத்தை ஊன்றுவதில்லை. நகம் நீண்டுவிட்டால் ஒவ்வொரு அடிக்கும் அது தரையில் முட்டி விரலை மேலே தள்ளும். அந்த அழுத்தம் வேண்டாமென்று நாய் உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து நடக்கப் பழகிவிடும், அதனால் மூட்டுகளுக்குத் தேவையில்லாத பாரம். டைல்ஸில் வழுக்குவதும் கூடும். போதாததற்கு நீளமான நகம் கேட் கம்பியிலோ கம்பளத்திலோ மாட்டிக்கொண்டு பிய்ந்தும் போகும்.

நீளமாகிவிட்டது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காதைக் கொடுத்தாலே போதும். நாய் சமையலறைக்குள் வரும்போது டக் டக் என்று சத்தம் கேட்டால் வெட்டும் நேரம் வந்துவிட்டது. இன்னும் சரியாகப் பார்க்க வேண்டுமென்றால், சமதரையில் நாய் நேராக நிற்கும்போது நகத்துக்கும் தரைக்கும் நடுவே ஒரு காகிதத்தைச் செருகிப் பாருங்கள். தடையில்லாமல் போனால் நல்ல அளவு.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை வெட்ட வேண்டும்?

பெரும்பாலான நாய்களுக்கு மூன்று நான்கு வாரத்துக்கு ஒரு தடவை. தினமும் தார் ரோட்டில் நடக்கப் போகும் நாய்க்கு இன்னும் தள்ளிப் போகலாம், நாள் பூராவும் சோபாவில் படுத்திருக்கும் சின்ன மால்டீஸுக்கு அதற்கு முன்பே தேவைப்படும். என் வழக்கத்தைச் சொல்கிறேன்: ஞாயிறு காலையில் ஒரு கால், அடுத்த ஞாயிறு அடுத்த கால். நாலு வாரத்தில் ஒரு சுற்று முடிகிறது, அவளுக்கும் சலிப்பில்லை, எனக்கும் முதுகு வலியில்லை.

நகத்துக்குள் சதை இருக்கிறதாமே, அது என்ன?

இருக்கிறது. நகத்தின் நடுவில் ரத்தக் குழாயும் நரம்பும் சேர்ந்த மெல்லிய சதை ஓடுகிறது. டாக்டர்கள் அதை குயிக் என்பார்கள், நான் உயிர்ச்சதை என்று சொல்கிறேன். அதில் வெட்டு பட்டால் ரத்தம் வரும், நன்றாகவே வலிக்கும். நாம் நகத்தை ஒட்ட வெட்டி சதையில் பட்டால் எப்படி இருக்கும், அதே வலிதான். வெள்ளை நகமாக இருந்தால் அந்தச் சதை இளஞ்சிவப்பாக வெளியே தெரியும். சிவப்பு முடிகிற இடத்துக்கு 2 மில்லிமீட்டர் முன்னாலேயே நிறுத்திவிட வேண்டும். சரியாகத் தெரியவில்லையென்றால் நகத்துக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்துப் பாருங்கள், தெளிவாகத் தெரியும். லோட்ஷெடிங் மின்வெட்டுச் சமயத்தில் நெற்றியில் கட்டிக்கொள்ளும் விளக்கு ஒன்று வாங்கி வைத்திருந்தீர்களே, அது இதற்குக் கச்சிதமாக உதவும். இரண்டு கையும் வேலைக்குக் கிடைக்கும்.

கறுப்பு நகத்தில் ஒன்றுமே தெரியவில்லை. எங்கே வெட்டுவது?

அதிகம் பேர் கேட்பது இதைத்தான். பயந்து விட்டுவிடுகிறவர்களும் இங்கேதான் விட்டுவிடுகிறார்கள். பொம்மிக்கு எல்லாமே கறுப்பு என்பதால் இதை மட்டும் விவரமாகச் சொல்கிறேன்.

முதலில் பாதத்தைப் பிடிக்கும் விதம். குதிரைக்கு லாடம் அடிப்பவர் காலைப் பின்பக்கம் மடக்கிப் பிடிப்பாரே, அப்படிப் பிடித்தால் நகத்தின் அடிப்பக்கம் உங்களைப் பார்த்து இருக்கும். கூர்ந்து பாருங்கள். நுனிப் பக்கம் அடியில் ஒரு பள்ளம் தெரியும், சின்ன ஓடம் மாதிரி குழிவாக இருக்கும். பாதத்தை நோக்கி வரவர அந்தக் குழி நிரம்பி உருண்டையாகிவிடும். குழியாக இருக்கும் நுனி வெறும் நகம், தைரியமாக எடுக்கலாம். நிரம்பத் தொடங்கும் இடத்தில் உயிர்ச்சதை பக்கத்தில் வந்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்தது வெட்டு. ஒரேயடியாக வெட்டாமல் வெங்காயம் சீவுவது போல மெல்லிய மெல்லிய சீவலாக எடுங்கள். ஒவ்வொரு சீவலுக்கும் பிறகு வெட்டிய முகத்தைப் பாருங்கள். முதலில் சுண்ணாம்பு போல வறண்டு, வெளுப்பாக, சொரசொரப்பாக இருக்கும். இன்னும் கொஞ்சம் எடுத்தால் சுற்றிலும் கறுப்பு வளையம், நடுவில் சாம்பல் கலந்த வெளுப்பு. அதற்கப்புறம் நடுவில் ஒரு சின்ன கரும்புள்ளி, கொஞ்சம் ஈரமாக, பளபளப்பாகத் தெரியும். அந்தப் புள்ளி கண்ணில் பட்டவுடன் கையை எடுத்துவிடுங்கள். அடுத்த சீவல் ரத்தம்தான். எனக்கு ஒரு நகத்துக்கு நாலைந்து சீவல் ஆகும். நேரம் எடுத்தால் எடுக்கட்டும்.

எந்த நகவெட்டி வாங்குவது?

இரண்டு வகை கிடைக்கும். ஒன்றில் வட்டமான துளைக்குள் நகத்தை விட்டு அழுத்தினால் பிளேடு குறுக்கே வந்து வெட்டும், இது சின்ன நாய்களுக்கு நல்லது. இன்னொன்று குறடு மாதிரி, இரண்டு வாயும் சேர்ந்து கடிக்கும். போயர்புல், ரிட்ஜ்பேக், ஜெர்மன் ஷெப்பர்ட் மாதிரி தடித்த நகத்துக்கு இதுதான் தாங்கும். எனக்குக் குறடு வகைதான் பிடிக்கும், வெட்டும் இடம் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது.

எதை வாங்கினாலும் கூர்மை முக்கியம். மழுங்கிய வெட்டி நகத்தை வெட்டாது, நசுக்கும். நாய் காலை இழுத்துக்கொள்வதற்கு பாதி நேரம் இந்த நசுக்கல்தான் காரணம், நாம் அதைப் பிடிவாதம் என்று நினைத்துத் திட்டுகிறோம். நாம் பயன்படுத்தும் நகவெட்டி ரொம்பச் சின்னக் குட்டியின் நுனியை எடுக்கப் போதும். வளர்ந்த நாயின் நகம் உருண்டையாக இருப்பதால் தட்டையான நகவெட்டியில் பிளந்துவிடும்.

மின்சாரத்தில் சுற்றும் அரம் நல்லதா?

கறுப்பு நகத்துக்கு நல்லதுதான், கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்த்துக்கொண்டு போகலாம், ஓரமும் வழவழப்பாகும். ஆனால் சத்தமும் அதிர்வும் உண்டு, அதைப் பழக்கவே சில வாரம் ஆகும். ஒரே இடத்தில் வைத்து அழுத்தினால் நகம் சூடாகிவிடும் என்பதால் இரண்டு மூன்று வினாடிக்கு மேல் வைக்காமல் எடுத்து எடுத்து வையுங்கள். பாதத்து முடி நீளமான நாயாக இருந்தால் முடியை ஒதுக்கிப் பிடிக்காமல் தொடங்கவே வேண்டாம், சுற்றும் முனையில் சிக்கிக்கொள்ளும்.

அரமும் வேண்டாம், வெட்டியும் வேண்டாம் என்கிற நாய்க்கு ஒரு வழி இருக்கிறது. ஒரு பலகையில் உப்புத்தாளை ஒட்டி, அதில் தானாகவே பிறாண்ட வைத்து, பிறாண்டும் ஒவ்வொரு தடவையும் தின்பண்டம் கொடுத்துப் பழக்கலாம். முன்கால் நகங்கள் இதில் நன்றாகவே தேயும். பின்காலுக்கு அவ்வளவாகப் பயன்படாது.

காலைத் தொட்டாலே ஓடுகிறது. நாலு பேர் சேர்ந்து அமுக்கித்தான் வெட்ட வேண்டியிருக்கிறது. என்ன செய்வது?

அமுக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். இதைக் கடுமையாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

பொம்மிக்கு ஒரு வயது இருக்கும்போது நானும் அண்ணனும் அதைத்தான் செய்தோம். அண்ணன் அவளைத் தரையில் படுக்க வைத்துத் தோளை அழுத்திக்கொண்டார், நான் வெட்டினேன். மூன்றாவது நகத்தில் ஆழமாகப் பட்டுவிட்டது. அவள் கத்தின கத்தல் இன்னும் காதில் இருக்கிறது. டைல்ஸ் எல்லாம் ரத்தப் பொட்டு. அதற்கப்புறம் மாதக் கணக்கில் அந்த மேசை டிராயரைத் திறக்கும் சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விடுவாள். அந்த டிராயரில் நகவெட்டி மட்டுமா இருந்தது, சாவியும் பேட்டரியும் கூடத்தான். டிராயர் சத்தமே அவளுக்குப் பயமாகிப் போனது. தவறு எங்களுடையது, அதைச் சரிசெய்யவும் எங்களுக்குத்தான் பொறுப்பு இருந்தது.

சரிசெய்த விதம் இது. முதல் வாரம் முழுக்க நகவெட்டியை அவள் சாப்பாட்டுக் கிண்ணத்துக்குப் பக்கத்தில் சும்மா வைத்தேன். அவ்வளவுதான். அடுத்த வாரம், தோளிலிருந்து கையைத் தடவிக்கொண்டே பாதம் வரை கொண்டுவந்து, பாதத்தைத் தொட்டவுடன் ஒரு துண்டு கோழி. தொட்ட பிறகுதான் கோழி என்ற வரிசை ரொம்ப முக்கியம். கோழியை முன்னாலேயே காட்டினால், கோழி வந்தால் ஏதோ கெட்டது வரப்போகிறது என்று அது கணக்குப் போட்டுவிடும். அப்புறம் ஒவ்வொரு விரலாக மெல்ல அழுத்திப் பழக்கினேன். அப்புறம் சத்தம். வேகவைக்காத மக்ரோனியை நகவெட்டியால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து நறுக் நறுக்கென்று வெட்டினேன், கேட்கும் சத்தம் நகம் வெட்டுவது போலவே இருக்கும். ஒவ்வொரு நறுக்குக்கும் ஒரு துண்டு. முதல் நாள் கதவுக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டாள். அஞ்சாறு நாளில் என் மடியில் மோவாயை வைத்துக்கொண்டு மக்ரோனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாவது வாரம்தான் உண்மையான நகம், அதுவும் ஒன்றே ஒன்று, நுனி மட்டும். முடிந்ததும் விட்டுவிட்டேன்.

இதில் ஒரு விதியை மட்டும் நான் மீறுவதில்லை. அவள் காலை இழுத்தால் நான் விட்டுவிடுவேன். விட்டால் பழகிவிடும், அடுத்த தடவையும் இழுக்கும் என்று பலர் சொல்வார்கள். என் அனுபவம் நேர் எதிர். இழுத்தால் விடுவார்கள் என்று தெரிந்த நாய்க்கு இழுக்க வேண்டிய அவசியமே குறைந்துபோகிறது. இன்னொன்று, காலைப் பக்கவாட்டில் இழுத்துத் தூக்காதீர்கள். நாயின் தோள்மூட்டு நம் தோள் மாதிரி வெளிப்பக்கம் விரியாது. வலியில்தான் இழுக்கிறதோ என்னவோ. உடம்புக்குக் கீழேயே, தாழ்வாகப் பிடியுங்கள்.

என்ன தின்பண்டம் கொடுக்கலாம்?

உப்பும் மசாலாவும் வெங்காயமும் இல்லாமல் வேகவைத்த கோழி, பட்டாணி அளவுத் துண்டுகள். வேர்க்கடலை பட்டர் ஒரு அகப்பையில் தடவி வீட்டில் ஒருவர் பிடித்துக்கொண்டால் நாய் நக்கிக்கொண்டே இருக்கும், நீங்கள் வேலையை முடிக்கலாம். ஆனால் டப்பாவின் லேபிளில் சைலிட்டால் இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள், சர்க்கரை இல்லாதது என்று விற்கும் பொருள்களில் அது இருக்கலாம், நாய்க்கு அது விஷம். பில்டாங் என்ற உலர்ந்த இறைச்சியிலும் போலனி என்ற சாசேஜ் இறைச்சியிலும் உப்பு அதிகம், வேண்டாம். நேற்றைய கறிக்குழம்பில் கிடந்த துண்டும் வேண்டாம், வெங்காயமும் பூண்டும் நாய் ரத்தத்துக்கு ஆகாது.

ரத்தம் வந்துவிட்டால்?

பதறாதீர்கள். பார்க்க நிறைய வருவது போல இருக்கும், டைல்ஸில் நாலு சொட்டு விழுந்தாலே பயமாகத்தான் இருக்கும், ஆனால் உடம்பு நன்றாக இருக்கும் நாய்க்கு இதனால் ஆபத்து வராது. நகம் வெட்ட உட்காரும் முன்பே ஒரு சின்ன மூடியில் மேசீனா எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எல்லார் சமையலறையிலும் இருக்கும் சோளமாவுதான். ரத்தம் வந்தால் நகத்தின் நுனியை அந்த மாவில் அமுக்கி, சுத்தமான துணியால் ஐந்து நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். நின்றதா நின்றதா என்று நடுவில் துணியை எடுத்து எடுத்துப் பார்த்தால் கட்டின ரத்தம் கலைந்துவிடும். நாய்க் கடைகளில் ரத்தம் நிறுத்தும் பொடி விற்கிறார்கள், அது இன்னும் வேகமாக வேலை செய்யும், முதலில் கொஞ்சம் எரியும். மஞ்சள்தூள் வைக்கலாமா என்று எல்லா அத்தைமார்களும் கேட்கிறார்கள். ரத்தத்தை நிறுத்துவது அழுத்தம்தான், மாவு அதற்கு உதவி. கையில் மஞ்சள் தவிர வேறெதுவும் இல்லையென்றால் வெறும் துணியால் அழுத்தினாலே போதும்.

நின்ற பிறகு ஒன்றிரண்டு மணி நேரம் வெளியே மண்ணில் ஓட விடாதீர்கள். அன்றைக்கு நகம் வெட்டுவதையும் அத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

இருபது நிமிடம் சரியாக அழுத்தியும் நிற்கவில்லையென்றால் கால்நடை மருத்துவரிடம் போக வேண்டும். நம் ஊரில் இதற்கு ஒரு தனிக் காரணம் உண்டு. இங்கே உண்ணி அதிகம், பிலியரி என்று எல்லாரும் சொல்லும் உண்ணிக் காய்ச்சலும் எர்லிக்கியா என்ற இன்னொரு உண்ணி நோயும் நாய்களுக்கு அடிக்கடி வருகின்றன. இரண்டிலுமே ரத்தம் உறைய வைக்கும் தட்டணுக்கள் குறைந்துபோகும். அதனால் ஒரு நகக் காயம் நிற்காமல் கசிவது உள்ளே இருக்கும் நோயின் அடையாளமாகக்கூட இருக்கலாம். கூடவே ஈறு வெளுத்திருக்கிறதா, சாப்பிடாமல் சுருண்டு படுக்கிறதா, சிறுநீர் சிவந்தோ பழுப்பாகவோ போகிறதா என்று பாருங்கள். இதில் ஒன்று இருந்தாலும் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பிலியரி ஒன்றிரண்டு நாளிலேயே உயிரை எடுத்துவிடலாம்.

நகம் வெட்டும்போது வேறு எதையாவது பார்க்க வேண்டுமா?

விரலிடுக்கு. பாதத்தைக் கையில் வைத்திருக்கும் அந்த ஒரு நிமிடம் வேறு எப்போதும் கிடைக்காது. ஒவ்வொரு இடுக்கையும் விரித்துப் பாருங்கள், உண்ணி ஒளிந்துகொள்ள அதற்குப் பிடித்த இடம் அதுதான். நம் ஊரில் டெவில் தார்ன் என்று சொல்கிற நெருஞ்சி முள், பாதத்தின் மெத்தையில் ஏறி உடைந்திருக்கலாம். கோடைக்காலப் புழுக்கத்தில் இடுக்கு ஈரமாகவே இருந்து சிவந்து போகும், நாய் நக்கி நக்கி அங்கே முடி துருப்பிடித்த நிறத்துக்கு மாறியிருக்கும். ஒரு தடவை பொம்மியின் பின்காலில் மிளகளவு ஒரு உண்ணியை இப்படித்தான் கண்டுபிடித்தேன், நகம் வெட்டாவிட்டால் அதைப் பார்த்தே இருக்க மாட்டேன்.

கடிக்க வருகிறதே?

உறுமுவது ஒரு எச்சரிக்கை. அதற்காக அடிக்காதீர்கள். அடி வாங்கிய நாய் அடுத்த தடவை உறுமாமலே கடிக்கும். அதற்கு முன்பே சில அடையாளங்கள் வரும்: உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, கொட்டாவி, உடம்பு விறைத்துப் போவது. அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

உண்மையிலேயே கடிக்கும் நாய் என்றால் கூடை மாதிரி இருக்கும் வாய்மூடி நல்லது, அதைப் போட்டுக்கொண்டு நாய் மூச்சு வாங்கலாம், இடைவெளி வழியாகத் தின்னவும் செய்யலாம். துணியால் வாயைக் கட்டிவிட்டு நெடுநேரம் வைத்திருப்பது வெயில் நாளில் ஆபத்து. வாய்மூடியையும் சாப்பாடு வைத்தே பழக்க வேண்டும்.

நாய் பல் பட்டுத் தோல் கிழிந்தால், வீட்டு நாய்தானே என்று விடாதீர்கள். குவாசூலு-நட்டாலில் வெறிநாய்க்கடி நோய் இன்னும் இருக்கிறது, அதனால்தான் நாய்க்கும் பூனைக்கும் தடுப்பூசி போடுவதைச் சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது. காயத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் விட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள், நாயின் தடுப்பூசி அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

தூக்க மாத்திரை கொடுத்து வெட்டலாமா?

நீங்களாகக் கொடுக்கவே கூடாது. பனாடோ, கிராண்ட்பா பவுடர், தலைவலிக்கு ஆயா வைத்திருக்கும் மாத்திரை எதுவும் நாய்க்கு வேண்டாம், நமக்குச் சாதாரணமான வலி மாத்திரை நாயின் ஈரலையும் குடலையும் கெடுத்துவிடும். பயம் அதிகம் உள்ள நாய்க்குக் கால்நடை மருத்துவர் எடையைப் பார்த்து, பயத்தைக் குறைக்கும் மருந்து எழுதித் தருவார். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. சில நாய்களுக்கு அதுதான் இரக்கமான வழி.

நகம் வளைந்து போகும் அளவுக்கு நீண்டுவிட்டது. சதையும் கூடவே நீண்டிருக்கிறதாமே?

ஆமாம், நகத்தை விட்டுவிட்டால் உயிர்ச்சதையும் அதோடு சேர்ந்து வளர்ந்துவிடும். அதனால் ஒரே நாளில் பழைய அளவுக்குக் கொண்டுவர முடியாது. நல்ல செய்தி என்னவென்றால், வாரத்துக்கு ஒரு தடவை நுனியை மட்டும் எடுத்துக்கொண்டே வந்தால் சதை தானாகப் பின்வாங்கும். இரண்டு மூன்று மாதம் ஆகலாம். தெருவிலிருந்து எடுத்து வளர்க்கிற, விலங்குக் காப்பகமான எஸ்பிசிஏவிலிருந்து கூட்டி வந்த நாய்களிடம் இதை அடிக்கடி பார்க்கலாம், அவசரப்படாதீர்கள்.

கட்டைவிரல் நகம்?

முன்காலின் உள்பக்கம், கொஞ்சம் மேலே, தரையைத் தொடாமல் ஒன்று இருக்கிறதே, அதுதான் எல்லாரும் மறக்கும் நகம். தரையில் படாததால் தேயவே தேயாது. முடி அதிகம் உள்ள நாயாக இருந்தால் கண்ணிலும் படாது. மாமா வீட்டுக் கிழட்டு பூடில் நொண்டுகிறது என்று போய்ப் பார்த்தேன். முடியை ஒதுக்கினால், அந்த நகம் ஆட்டுக்கொம்பு மாதிரி முழு வட்டமாகச் சுருண்டு, நுனி தோலுக்குள்ளேயே குத்தி இறங்கி, சுற்றிலும் சீழ். டாக்டரிடம் போய்த்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதனால் எந்தக் காலில் தொடங்கினாலும் இந்த நகத்தை முதலில் பாருங்கள். சில நாய்களுக்குப் பின்காலிலும் இருக்கும்.

குட்டிக்கும் வயதான நாய்க்கும் வித்தியாசம் உண்டா?

குட்டி எட்டு வாரத்தில் வீட்டுக்கு வந்த நாளிலிருந்தே பாதத்தைத் தினமும் தொட்டுப் பிடித்து விடுங்கள், நகம் வெட்ட வேண்டும் என்றுகூட இல்லை. மடியில் படுத்திருக்கும்போது விரலை விரிப்பது அதற்குப் பழக்கமாகிவிட்டால் வாழ்நாள் முழுக்கத் தொல்லை இல்லை.

வயதான நாய் குறைவாக நடப்பதால் நகம் தேயாது, மூட்டு வலியால் காலை மடக்கவும் விடாது. கெட்டியான பாயிலோ மெத்தையிலோ பக்கவாட்டில் படுக்கவிட்டு, காலைத் தூக்காமல் அது கிடக்கும் நிலையிலேயே வெட்டுங்கள். குளிப்பாட்டின பிறகு நகம் மிருதுவாக இருக்கும், அன்று வெட்டுவது சுலபம்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

நகம் பிளந்து சதை தெரிந்தால், பாதி பிய்ந்து தொங்கினால் நீங்களே பிடுங்காதீர்கள். நகத்தடி வீங்கிச் சீழ் வைத்தாலும், ஒரே ஒரு விரல் மட்டும் வாரக் கணக்கில் வீங்கி ஆறாமல் இருந்தாலும் காட்டுங்கள், வயதான நாயில் அது கட்டியாகவும் இருக்கலாம். அடிபடாமலே பல கால்களில் நகம் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று விழுந்தால் அது வெட்டுவதில் வந்த கோளாறு இல்லை, தனி நோய், மருந்து உண்டு.

தீபாவளிக்கு முன்னால் வெட்டச் சொல்கிறீர்களே, ஏன்?

நம் பகுதிகளில் தீபாவளி வெடியும் நவம்பர் 5 கை ஃபாக்ஸ் நாள் வெடியும் கிட்டத்தட்ட ஒரே சமயத்தில் வருகின்றன. இரண்டு மூன்று வாரம் நாய்கள் படும் பாடு சொல்லி முடியாது. பயந்த நாய் கேட்டைப் பிறாண்டும், ஜன்னலின் பர்க்ளர் கார்டு கம்பியில் ஏறப் பார்க்கும், கதவுக்கு அடியில் தோண்டும். நகம் நீளமாக இருந்தால் கம்பியில் மாட்டி வேரோடு பிய்யும். நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் தெருவிலேயே ஒரு நாய்க்கு அப்படி ஆனது, விளக்கேற்றி வைத்த வாசற்படியெல்லாம் ரத்தம், அந்த நேரத்தில் டாக்டர் கிடைக்க அந்த வீட்டுக்காரர்கள் பட்ட அவஸ்தையைப் பார்த்தேன். அதனால் தீபாவளிக்கு இரண்டு வாரம் முன்பே வெட்டத் தொடங்கி, முதல் வெடி வெடிப்பதற்குள் பதினெட்டையும் முடித்துவிடுங்கள். வெடி தொடங்கிய பிறகு வேண்டாம், ஏற்கெனவே நடுங்கிக்கொண்டிருக்கும் நாயின் காலைப் பிடித்தால் இத்தனை நாள் பழக்கினதெல்லாம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை நாய்க்கு நகம் வெட்டலாமா?

இதைக் கேட்டவர்கள் ஒருவர் இருவர் இல்லை. எங்கள் ஆயா வெள்ளிக்கிழமையும் கூடாது, எந்த நாளானாலும் விளக்கு வைத்த பிறகும் கூடாது என்பார், மனுஷருக்கானாலும் சரி நாய்க்கானாலும் சரி. பைரவர் வாகனம் அது, அதற்கும் நாள் கிழமை உண்டு என்பது அவர் வாதம். நான் அதைக் கடைப்பிடிக்கிறேன். விளக்கு வைத்த பிறகு மங்கலான வெளிச்சத்தில் கறுப்பு நகத்தின் அந்தச் சின்னப் புள்ளியைக் கண்டுபிடிக்கவும் முடியாது. வாரத்தில் இன்னும் ஆறு நாள் இருக்கிறது. காலை எட்டு மணிக்கு வராந்தாவில் வெயில் சாய்ந்து விழும்போது உட்காருங்கள், வெட்டி விழும் துண்டுகள் தெரியும்படி கீழே ஒரு பழைய செய்தித்தாளை விரித்துக்கொள்ளுங்கள், வெறுங்காலில் குத்தினால் முள் மாதிரி இருக்கும். நான் பேப்பரை எடுத்து விரித்தாலே இப்போது பொம்மி வந்து அதன் மேல் படுத்துக்கொள்கிறாள்.